காலமை முதல் பில்லில் அறுகிற இணைப்பு

பரந்தனில் அரிசி ஆலை, வவுனியாவில் ஹாட்வெயார் கடை, முல்லைத்தீவில் கூட்டுறவுச் சங்கம் என்று எங்கு பார்த்தாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். செயலி ஓடும் கணினி இங்கே, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ. முறைப்பாடும் ஒன்றுதான்: "காலமை முதல் பில் அடிச்சால் எரர் வருது, திருப்பி அடிச்சால் சரியாப் போகுது."

உடனே சிக்னலைக் குறை சொல்லாமல் செயலியின் லொக் கோப்பை, அதாவது நடந்ததைப் பதிகிற கோப்பை, திறவுங்கள். "கொம்யூனிகேஷன்ஸ் லிங்க் ஃபெயிலியர்" என்ற வரிக்குக் கீழே, சேர்வரிடமிருந்து கடைசிப் பொதி (தரவுத் துண்டு) வந்து எத்தனை மில்லிசெக்கன் ஆயிற்று என்று ஓர் எண் இருக்கும். இணைப்பை மூடியது யார் என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும்.

எண் 28,800,000 ஐத் தாண்டியிருந்தால் மூடியது மைஎஸ்கியூஎல். சும்மா கிடக்கும் இணைப்பை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்ற அதன் எல்லை, வெயிட் ரைம்அவுட், யாரும் மாற்றாவிட்டால், 28800 செக்கன். அதாவது 8 மணித்தியாலம். பின்னேரம் 6 மணிக்குப் பூட்டி காலமை 8 மணிக்குத் திறக்கிற ஆலையில் பூல், அதாவது செயலி முன்கூட்டியே திறந்து வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுதி, 14 மணித்தியாலம் சும்மா கிடக்கிறது. செத்துப்போன இணைப்பை அது அப்படியே எடுத்து நீட்டும். எரரும் அந்தக் கணமே வரும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் இதே தொல்லை, எண்ணும் ஒரு மணித்தியாலத்துக்குள் என்றால் நடுவில் இருக்கும் 4ஜி ரவுட்டர், ஃபயர்வோல், சேவை வழங்குநரின் நாட் (பல கணினிகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இணைக்கும் கருவி) ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். சும்மா கிடக்கும் ரிசிபி இணைப்பை நாட் குறைந்தது 2 மணி 4 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஆர்எஃப்சி 5382 என்ற இணையத் தர ஆவணம். பல கருவிகள் அவ்வளவு பொறுப்பதில்லை. இங்கே அடையாளம் வேறு: எரர் உடனே வராது, திரை அப்படியே நின்றுவிடும். மூடியாயிற்று என்று இரு பக்கத்துக்கும் யாரும் சொல்லவில்லை. லினக்ஸ் ஏறத்தாழ 15 நிமிடம் பொதியைத் திருப்பித் திருப்பி அனுப்பிப் பார்க்கும். மைஎஸ்கியூஎல் ஜாவா டிரைவரின் சொக்கெற் ரைம்அவுட், அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் நேரம், இயல்பில் 0, எல்லையே இல்லை. அதை 60000 மில்லிசெக்கன் ஆக வையுங்கள். மாத முடிவு அறிக்கை அதைவிட நேரம் எடுக்குமென்றால் அதற்குத் தனிப் பூல் கொடுங்கள்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: வழியில் உள்ள எல்லைகளில் மிகக் குறுகியது எதுவோ, அதைவிடக் குறைந்த ஆயுளைப் பூலில் வைப்பது. ஹிகாரி என்ற ஜாவா பூலில் மக்ஸ் லைஃப்டைம் இயல்பாக 30 நிமிடம், 8 மணித்தியாலப் பிரச்சினைக்கு அதுவே போதும். நாட் 5 நிமிடத்தில் வெட்டுகிறதென்றால் சும்மா கிடக்கும் இணைப்பை இடையிடையே தட்டிப் பார்க்கும் கீப்எலைவ் ரைமை 120000 மில்லிசெக்கன் ஆக்குங்கள். டொம்கற் ஜேடிபிசி என்ற இன்னொரு பூலில், இணைப்பை எடுக்கும்போதே சோதிக்கிற ரெஸ்ற் ஒன் பொரோ இயல்பில் அணைந்திருக்கும். அதைப் போட்டு, வலிடேஷன் குவெரியாக 'செலெக்ட் 1' கொடுங்கள். அறுந்ததும் தானாக மீண்டும் இணைக்கிற ஓட்டோ ரீகனெக்ட் மட்டும் வேண்டாம். பாதிப் பில்லில் இணைப்பு மாறினால் ட்ரான்ஸாக்‌ஷன் எந்த நிலையில் நின்றது என்று செயலிக்குத் தெரியாமல் போகும். பணம் புழங்குகிற இடத்தில் அதை விடவே கூடாது.

"30000 மில்லிசெக்கனில் கனெக்ஷன் கிடைக்கவில்லை" என்று வருவது வேறு வியாதி. அங்கே எதுவும் அறவில்லை. எடுத்த இணைப்பைக் கோட் திருப்பிக் கொடுக்கவில்லை, அல்லது ஒரு குவெரி நெடுநேரம் பிடித்து வைத்திருக்கிறது. திருப்பிக் கொடுக்காத இணைப்பைக் காட்டுகிற லீக் டிடெக்ஷனைப் போட்டுப் பாருங்கள்.

மாரியில் இன்னொன்று சேரும். கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் இறங்கினால், செயலி இருந்த கணினி சொல்லாமல் சாகும். தரவுத்தளமோ அந்த இணைப்புகளை உயிருள்ளவையாகவே எண்ணிக்கொண்டிருக்கும். மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க லினக்ஸுக்கும் தனியாக ஒரு கீப்எலைவ் உண்டு, அதன் இயல்பு 7200 செக்கன், பிறகு 75 செக்கன் இடைவெளியில் 9 தடவை: மொத்தம் 2 மணி 11 நிமிடம். மைஎஸ்கியூஎல் ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்புகளின் எல்லை, மக்ஸ் கனெக்ஷன்ஸ், இயல்பில் 151. பூல் 20 என்றால், அந்த நேரத்துக்குள் ஏழு தடவை கரண்ட் போய் வந்தாலே 140 செத்த இணைப்புகள் இடத்தைப் பிடித்துவிடும், அடுத்த தொடக்கத்தில் "டூ மெனி கனெக்ஷன்ஸ்". சேர்வர் உங்கள் கையில் இருந்தால் 300, 30, 4 என்று மாற்றுங்கள். 7 நிமிடத்தில் துப்புரவாகிவிடும். வாடகைத் தரவுத்தளத்தில் அந்த வசதி இல்லாவிட்டால் பூலை 10 ஆகக் குறையுங்கள், ஒரு ஆலைக்கு அது தாராளம்.

மாற்றியபின் 'ஷோ புரொசெஸ்லிஸ்ட்' பாருங்கள். பூலின் கீப்எலைவ் 2 நிமிடம் என்றால் 'ஸ்லீப்' வரிகளின் 'ரைம்' 120 ஐ அதிகம் தாண்டக்கூடாது. 900, 1500 என்று ஏறிக்கொண்டே போகிற வரி கரண்ட் போனபோது விட்டுப்போனதாக இருக்கும். ஹோஸ்ற் பெயரையும் போர்ட்டையும் சரிபார்த்து, அதன் ஐடிக்கு 'கில்' கொடுங்கள்.