வாளி, மக்கு, தாழ்ப்பாள்: பிள்ளைகள் தனியே குளிக்கப் பழகும் நாட்கள்

மே 4, 2025

கோடை விடுமுறையில்தான் இதைத் தொடங்க வேண்டும். வாசலில் பள்ளி வேன் அவசரப்படுத்தாது, வெந்நீரும் தேவைப்படாது. ஐந்து வயது வரை குளியலறையில் பிள்ளையைத் தனியே விடுவது என்ற பேச்சே இல்லை. தலைகுப்புற விழுந்தால் பாதி வாளித் தண்ணீரே மூழ்கடிக்கப் போதும், சத்தமும் வராது. ஆறு, ஏழு வயதில் கதவுக்கு வெளியே நிற்கும் கட்டம் வரும். வயதைவிட மூன்று அடையாளங்களைப் பார்க்கலாம்: ஈரத் தரையில் ஓடாமல் நடப்பது, முகத்தில் தண்ணீர் விழுந்தால் கத்தாமல் துடைத்துக்கொள்வது, சொன்ன வேலைகளை வரிசை மாறாமல் செய்வது.

மே 8

பெரியவர்களுக்கான ஒன்றரை லிட்டர் மக்கை நிரப்பித் தூக்கினால் சின்ன மணிக்கட்டு வளையும், பாதித் தண்ணீர் காலடியில் போகும். அரை லிட்டர் மக்கு போதும். வாளி தரையில் இருக்கட்டும், பிள்ளை சிறு முக்காலியில் உட்காரட்டும். வாளியை முக்காலி மேல் ஏற்றி வைத்தால் இழுத்த இழுப்பில் கவிழும். முழு சோப்பு கையிலிருந்து வழுக்கும், அதைத் தேடி ஓடும்போதுதான் பிள்ளையும் விழும். பாதியாக நறுக்கிக் கொடுங்கள்.

மே 13

கழுத்திலிருந்து கீழ்நோக்கித் தேய்க்கச் சொல்லிக்கொடுத்தால் இடம் விடுபடாது. அப்படியும் விடுபடுபவை காது மடலின் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு, கால்விரல் இடுக்கு. அழுக்கைவிட, சரியாக அலசாமல் விட்ட சோப்பே பெரும்பாலும் அரிப்பைத் தருகிறது. “நல்லா குளிச்சியா?” என்றால் எந்தப் பிள்ளையும் ஆமாம் என்றுதான் சொல்லும். காதுக்குப் பின்னால் விரல் வைத்துப் பாருங்கள், வழவழப்பு இருந்தால் இன்னும் நான்கு மக்கு.

பெண் குழந்தைகள் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். வெளிப்புறம் மட்டும், வெறும் தண்ணீரால். உள்ளே சோப்பு படக் கூடாது. ஆண் குழந்தைகளுக்கு நுனித்தோலை வலிந்து பின்னுக்குத் தள்ளவே கூடாது. அது தானாக நகரும் வயது வந்ததும் மெல்ல நகர்த்தி, தண்ணீரில் அலசி, மறுபடி முன்னுக்குக் கொண்டுவரப் பழக்க வேண்டும். பின்னுக்குத் தள்ளியபடியே விட்டுவிட்டால் வீங்கிக்கொள்ளும்.

மே 26

கதவைச் சாத்தலாம், தாழ்ப்பாள் போடக் கூடாது. இதில் பேரம் இல்லை. வெட்கம் வந்த பிள்ளைக்கு, தட்டாமல் யாரும் உள்ளே வர மாட்டார்கள் என்ற உறுதி கொடுத்தால் போதும், அதைப் பெரியவர்கள் காப்பாற்றவும் வேண்டும். வலிப்பு வரும் பிள்ளை எத்தனை வயதானாலும் தாழ்ப்பாள் போடக் கூடாது.

ஜூன் 2

பள்ளி திறந்தாயிற்று. மழையும் பனியும் வரும்போது வெந்நீர்ப் பேச்சும் வரும். மற்ற வேலைகளைக் கைமாற்றியபின், கடைசியாகக் கொடுக்க வேண்டியது இதுதான். பத்து வயது வரையாவது பெரியவர்களே விளாவி வைப்பது நல்லது. முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர். மாற்றிச் செய்தால், இடையில் வாளிக்குள் கையை விடும் பிள்ளைக்குச் சூடு நிச்சயம். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளிலேயே தோலைப் பொசுக்கும். கீசரில் திருகு இருந்தால் 49 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். குளிக்க 37, 38 டிகிரி போதும், முழங்கையை விட்டுப் பார்த்தால் தெரியும். ஹீட்டர் ராடு போட்ட வாளி இருக்கும் அறைக்குள் பிள்ளைக்கு வேலையே இல்லை. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ராடை வெளியே எடுத்த பிறகே அந்தத் தண்ணீர் குளியலறைக்குப் போக வேண்டும்.

அக்டோபர் 18

தீபாவளி எண்ணெய்க் குளியல் நெருங்குகிறது. உடம்புக்குத் தானே குளிக்கும் பிள்ளைக்கும் தலைக்குக் குளிக்க ஒன்பது, பத்து வயது வரை உதவி வேண்டும், நீளமுடி என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. ஷாம்பு ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மேல் போனால் அலசி முடியாது. சீயக்காய் கண்ணில் பட்டால் கசக்க விடாமல் பச்சைத் தண்ணீரால் கழுவ வேண்டும்.

விடியுமுன் எழுப்பிய தூக்கக் கலக்கம், உள்ளங்காலில் நல்லெண்ணெய், வழவழ டைல்ஸ். அன்று மட்டும் யாரையும் தனியே குளிக்க விட வேண்டாம். ஒரு பிள்ளை வெளியே வந்ததும் தரையில் சீயக்காய்த் தூளைத் தூவித் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுங்கள்.