வெளிச்சவீட்டுக்கு நடந்தே போனோம்

திருகோணமலையில் கோணேசர் கோயில் மலையில் நின்று தென்கிழக்கே பார்த்தால், கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் தாழ்வாக ஒரு கரை நீண்டு போய்க் கடலுக்குள் முடியும். அதுதான் பவுல் முனை. 1863இல் வெள்ளைக்காரன் கட்டிய வெளிச்சவீடு ஒன்று அங்கே இருக்கிறது. கடலால் பார்த்தால் கிட்டத்தான், தரையால் போவதென்றால் குடாவை முழுசாகச் சுற்ற வேண்டும்.

எங்கள் ஊரில் இலையுதிர்காலமெல்லாம் கிடையாது. ஆனால் தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று அடங்கி, வடகிழக்கு வாடை தொடங்குவதற்கு முன்னே ஒரு இடைவெளி வரும், புரட்டாதிக் கடைசி, ஐப்பசித் தொடக்கம். கடல் கொஞ்சம் அமைதியாக இருக்கும், மழை இன்னும் இறங்கியிருக்காது. இந்த நடைக்கு அதுதான் நேரம். கச்சான் அடிக்கிற மாதங்களில் போனால் அனலும் மணலும் முகத்தில் அறையும், மாரிக்குள் போனால் பற்றைக்குள் பாதையே இருக்காது.

விடியமுதல் பஸ் எடுத்தோம். கிண்ணியாப் பாலம், உப்பாறு, கங்கை, இறால்குழி என்று தண்ணீரைக் கடந்து கடந்துதான் மூதூர் வரும். மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடி வந்து கடைசியில் கைவிரல்களாகப் பிரிந்து இந்தக் குடாவில்தான் விழுகிறது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது, 396 மீற்றர். அதற்கு முன்னே ஒவ்வொரு துறையிலும் பாதைக்கு (ஆற்றைக் கடக்கிற மிதவைக்கு) காத்து நின்ற ஆட்கள் கதை கதையாகச் சொல்வார்கள், இல்லாவிட்டால் டவுனிலிருந்து மூதூருக்கு லோஞ்சில் வந்திருக்கிறார்கள். இப்போது ஜன்னலோரத்தில் தூங்கிக்கொண்டே வந்துவிடலாம்.

மூதூரில் காக்கா (முஸ்லிம் அண்ணனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) சேர்ந்துகொண்டார். கட்டைபறிச்சான், சேனையூர் தாண்டிச் சம்பூரில் இறங்கி ஒரு பிளேன்ரீ குடித்தபோது கடைக்கார ஐயா எங்கள் பைகளைப் பார்த்துவிட்டு, "நடந்தோ போறீங்கள் தம்பி? ஆட்டோ பிடிச்சுத் தரட்டோ?" என்றார். வேண்டாம் என்றதும் எங்களை நம்பாமல் இன்னும் இரண்டு தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைத்தார். அந்த இரண்டு போத்தலும் இல்லாவிட்டால் பாதியிலேயே திரும்பியிருப்போம்.

சம்பூரைப் பற்றிச் சொல்லாமல் இந்த நடையைச் சொல்ல முடியாது. 2006இல் யுத்தத்தால் ஊர் முழுக்க இடம்பெயர்ந்து, அப்புறம் காணியை உயர் பாதுகாப்பு வலயம், அனல் மின்நிலையம் என்று எடுத்து வைத்திருந்து, 2015க்குப் பிறகுதான் சனம் கட்டம் கட்டமாகத் திரும்பி வந்தது. நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அதனால் வழியில் தெரிவது வெறும் பற்றைக்காடு என்று நினைக்காதீர்கள். பற்றைக்குள் திடீரென்று ஒரு கிணற்றுக்கட்டு வரும், ஒரு தென்னை தனியாக நிற்கும், யாரோ குடியிருந்த வளவு என்று விளங்கும். காக்கா அந்த இடங்களில் பேச்சைக் குறைத்துக்கொண்டார், நாங்களும் படம் எடுக்கவில்லை.

சரி, கஷ்டம் எங்கே? ஏற்றம் இல்லை, தூரமும் அப்படிப் பயங்கரமில்லை. மணல்தான் ஆளைக் கொல்கிறது. ஒவ்வொரு அடிக்கும் கால் உள்ளே போய் வர, கெண்டைக்கால் கல்லாகிவிடும், நிழல் என்று சொல்ல ஒரு மரம் இல்லாத நீண்ட துண்டுகள் வேறு. இராவணன் மீசை காலில் குத்தும், அடம்பன் கொடி தடக்கும், காரை முள் சேர்ட்டைப் பிடித்து இழுக்கும். ஒரு இடத்தில் யானை லத்தி கிடந்தது. "காஞ்சது, பழசு" என்றார் காக்கா, ஆனால் அதற்குப் பிறகு அவருடைய நடை கொஞ்சம் வேகமானதை நான் கவனித்தேன்.

வெளிச்சவீடு பற்றைக்கு மேலே தலை காட்டுகிற நேரம் இன்னும் நிறையத் தூரம் இருக்கும், அது ஒரு ஏமாற்று. முப்பது மீற்றருக்கு மேல் உயரம் என்பதால் தூரத்திலேயே கிட்டத்தில் நிற்பதுபோலக் காட்டும். போய்ச் சேர்ந்து பார்த்தால் சுவரெல்லாம் உப்புக்காற்று தின்றிருக்கிறது. யுத்த காலத்தில் கைவிட்டதை நாங்கள் போனபோதும் யாரும் ஒழுங்காகத் திருத்தியிருக்கவில்லை. மேலே ஏறலாமா என்ற பேச்சை நான் எடுக்கவில்லை, நீங்களும் எடுக்காதீர்கள். கீழே நின்றாலே போதும்: வடமேற்கே குடாவின் மறுவாயில் கோணேசர் கோயில் நிற்கிற சுவாமிமலை, அதற்கும் நமக்கும் இடையில் கரிய நீலத் தண்ணீர். கரையை விட்டுக் கொஞ்சம் போனாலே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது, திமிங்கிலங்கள் நம் ஊர்க் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதும் அதனால்தான்.

சோற்றுப் பார்சலை அங்கேதான் பிரித்தோம். நெத்தலிப் பொரியலில் பாதி மணல், ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

போகிறவர்களுக்கு: சப்பாத்து போடுங்கள், செருப்பு வேண்டாம். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் கொண்டுபோங்கள். ஊரில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள், பாதையும் வேலியும் மாறிக்கொண்டிருக்கிற இடம் அது. மத்தியானத்துக்குப் பிறகு அங்கே தங்க வேண்டாம், பொழுதுபட்டால் அந்தப் பற்றை யானைக்குரியது. கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், ஏற்கெனவே அங்கே போதுமான அளவு கிடக்கிறது.