உக்ரைனுக்குத் தேவைப்படும் மின்மாற்றிகள்

பெங்களூரு வட்டாரத்தின் 400 கிலோவோல்ட் துணை மின்நிலையங்களில், மின்னழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் மின்மாற்றிகளை நிறுவுவதும் பராமரிப்பதும் என் வேலை. 2022 அக்டோபர் 10 முதல் ரஷ்ய ஏவுகணைகள் உக்ரைனின் மின்கட்டமைப்பைத் தொடர்ந்து குறிவைக்கத் தொடங்கியபோது, உடன் பணியாற்றும் தமிழ் நண்பர்கள் போர்முனை நிலவரத்தைப் பேசிக்கொண்டிருக்க, என் கண் எண்ணெய் பற்றி எரிந்து கருகிக் கிடந்த மின்மாற்றிகளின் மீதே நின்றது. அவை போனால் வெளிச்சத்தோடு குடிநீரும் வீட்டுச் சூடேற்றமும் போய்விடும்.

இங்கே ஒரு பெரிய மின்மாற்றி வரும்போது, நூறு டன்னைத் தாண்டும் அதை எண்ணெய் இல்லாமல், உலர்ந்த நைட்ரஜன் நிரப்பி, பல அச்சு டிரெய்லரில் இரவு நேரத்தில் நடைவேகத்தில் கொண்டுவருகிறோம். குறுக்கிடும் கம்பிகளை ஓர் ஆள் நீண்ட கோலால் தூக்கிப் பிடித்தபடி முன்னே செல்வார். பீடத்தில் ஏற்றியபின் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, சூடாக்கி வடிகட்டிய எண்ணெயைச் சுழலவிட்டு, ஈரப்பதம் வரம்புக்குள் இறங்கும்வரை நாட்கணக்கில் காத்திருக்கிறோம். உக்ரைன் பொறியாளர்கள் இதே வேலையை வான்தாக்குதல் எச்சரிக்கைகளுக்கிடையே செய்கிறார்கள். சரிசெய்த நிலையமே மறுபடியும் தாக்கப்படுகிறது.

2022 டிசம்பர் 13 அன்று பாரிஸில் கூடிய நாடுகள் நூறு கோடி யூரோவுக்கு மேல் உதவி அறிவித்தன. அந்தப் பணம் பெரிதும் தேவைதான். ஆனால் உக்ரைனின் பிரதான மின்தடங்கள் 750, 330 கிலோவோல்ட்டில் இயங்குகின்றன. மேற்கு ஐரோப்பாவில் 400, 220. நம்மிடம் 765, 400, 220. மின்மாற்றி தனக்கென வகுத்த மின்னழுத்தத்துக்கே பொருந்தும் என்பதால், கிடங்கில் இருக்கும் உபரி மின்மாற்றியை அப்படியே அனுப்பிவிட முடியாது. சோவியத் காலத்து 330 கிலோவோல்ட் கட்டமைப்பைக் கொண்டிருந்த லித்துவேனியாவால் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் என்னும் வகை மின்மாற்றியைக் கொடுக்க முடிந்தது இதனால்தான்.

உதவிகளில் நான் முதலிடம் தருவது, 2022 மார்ச் 16 அன்று, போர் தொடங்கி மூன்று வாரங்களில், ஐரோப்பா தன் மின்தொகுப்போடு உக்ரைனை இணைத்துக்கொண்டதற்கு. தென்னிந்திய மின்தொகுப்பை நாட்டின் பிற பகுதிகளோடு ஒரே அதிர்வெண்ணில் ஒத்தியங்க வைக்க 2013 டிசம்பர் 31 வரை நாம் காத்திருந்தோம் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தத் துணிச்சலின் அளவு புரியும்.

2024 ஆகஸ்டில் கீவ் சென்ற நம் பிரதமர் பீஷ்ம் என்னும் நடமாடும் மருத்துவத் தொகுப்புகளை வழங்கினார். அதோடு நின்றுவிடக் கூடாது. நம் ஆலைகள் 765 கிலோவோல்ட் மின்மாற்றிகளையே செய்கின்றன. 330க்கு வடிவமைப்பது அவற்றுக்குக் கடினமன்று. வடிவமைப்பு, தயாரிப்பு, சோதனை எல்லாம் சேர்ந்து ஓராண்டு எளிதில் ஓடிவிடும் என்பதால், குளிர்காலம் நெருங்கியபின் யோசிக்காமல், உக்ரைனுக்கான 330 கிலோவோல்ட் மின்மாற்றிகளுக்கு இந்தியா தன் செலவில் இப்போதே ஆர்டர் கொடுக்க வேண்டும்.