கால் எட்டாத நாற்காலி

மாதத்தில் 11, 20 ஆகிய இரண்டு தேதிகளில் எங்கள் ஆபீசில் யாரும் லீவு கேட்க மாட்டோம். 11 ஜிஎஸ்டிஆர்-1, 20 ஜிஎஸ்டிஆர்-3பி; இரண்டும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். நாகர்கோவிலில் ஒரு வரி ஆலோசகரிடம் டாலி மென்பொருளில் கணக்கு ஏற்றுகிற வேலை எனக்கு. தக்கலையிலிருந்து பஸ்ஸில் குலுங்கி வந்து இறங்கினால் சாயங்காலம்வரை ஒரே இருப்புதான்.

போன வருஷம் முதலாளி எல்லோருக்கும் புது சுழல் நாற்காலி வாங்கிப் போட்டார். இரண்டே மாதத்தில் எனக்கு இடுப்பு வலி. பழைய பிளாஸ்டிக் நாற்காலியில் வராத வலி! நான் பஸ்ஸைத்தான் சந்தேகப்பட்டேன். நம்ம ரோட்டுக் குழிகளுக்கு எந்தப் பழியும் பொருந்தும்.

பிசியோதெரபி அக்கா முதுகைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: "உக்காந்தா காலு தரையில படுமா மக்ளே?"

படாது. என் உயரம் 4 அடி 11 அங்குலம். நாற்காலியை இறக்கினால் மேசை நெஞ்சுக்கு வந்துவிடும், தோளைத் தூக்கிக்கொண்டே டைப் அடிக்க வேண்டும். ஏற்றினால் கால் தொங்கும். இருக்கையின் விளிம்பு தொடையின் அடியில் அழுத்தி, கால் மரத்துப்போகும். அதற்குப் பயந்து நான் அறியாமலே நுனிக்கு நகர்ந்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய சாய்மானம் பின்னால் சும்மா நின்றிருக்கிறது.

மறுநாள் அம்மாச்சி உட்காருகிற குட்டை மணையை, எங்கள் ஊர்ப் பேச்சில் கொரண்டியை, பையில் போட்டுக் கொண்டுபோனேன். பலாமரத்தில் செய்தது, நடுவில் தேய்ந்து வழவழவென்றிருக்கும். முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி நாற்காலியை ஏற்றி, காலடியில் அதை வைத்தேன். லேப்டாப்புக்கு அடியில் பழைய பில் கட்டு இரண்டு; திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேரே வந்தது. தனி கீபோர்டு மட்டும் கேட்டு வாங்கினேன். வலி போக மூன்று வாரம் ஆனது. மணிக்கொரு தரம் எழுந்து நடக்கவும் சொன்னார் அக்கா. 20ஆம் தேதி மட்டும் அது நடக்காது.

ஜவுளிக்கடையில் நிற்கிற என் கூட்டுக்காரி இதைக் கேட்டுச் சிரித்தாள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021லேயே தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அவள் கடையிலும் ஸ்டூல் கிடக்கிறது. "அதுல இருந்தா சூப்பர்வைசர் பாக்குத பார்வை இருக்கே!" என்கிறாள். வீங்கிய அவள் கணுக்காலைப் பார்த்தபின் என் கொரண்டிப் பெருமையைத் தொடர முடியவில்லை.

அம்மாச்சிக்கோ வேறு கோபம். "இருக்கப்பட்ட பலவையில போய் சவிட்டுதியே பிள்ளே!"

இப்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதில் கால் வைக்கிறேன்.