சுற்றிலும் பனி, குடிக்கத் தண்ணி இல்லை

எட்டாம் நாள் காலை தாகம்தான் எழுப்பிவிட்டது. தலைமாட்டில் இருந்த பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை, உள்ளே ஒரு கட்டி மட்டும் கடகடவென்று உருள்கிறது. கூடாரத்துக்குள்ளேயே மைனஸ் 9. தப்பு என்னுடையதுதான். ஈர சாக்ஸ், போன், கேஸ் டப்பா, தண்ணீர் வடிகட்டி (அதன் நுண்குழாய்களில் மிச்சமிருக்கும் ஈரம் உறைந்தால் குழாய் வெடித்துவிடும், வெளியில் பார்த்தால் தெரியவும் தெரியாது) என்று எல்லாவற்றையும் தூங்கும் பைக்குள் திணித்துக்கொண்டு படுத்ததில் பாட்டிலுக்கு இடமில்லாமல் போய்விட்டது.

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் வேலை பார்க்கிற திருநெல்வேலிக்காரனுக்கு பனிமலையில் என்ன வேலை என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடரின் உச்சி விளிம்போடு, வடக்கே சென்டினல் கார் நிறுத்துமிடத்தில் தொடங்கி தெற்கே புஷ்மன்ஸ் நெக் வரை, ஏறக்குறைய 220 கிலோமீட்டர் நடை. பெரும்பகுதி 3,000 மீட்டரை ஒட்டிய உயரம், அடிக்கடி பக்கத்து நாடான லெசோத்தோவுக்குள் போய் வர வேண்டும், போட்டு வைத்த பாதை என்று எதுவும் கிடையாது. 2014ல் ரயன் சாண்ட்ஸ், ரைனோ கிரீசல் என்ற இருவர் இதை 41 மணி 49 நிமிடத்தில் முடித்தார்கள். நாங்கள் எட்டு நாளில் பாதியைத் தாண்டியிருந்தோம், அதற்கே எனக்குக் கொஞ்சம் பெருமை.

நாங்கள் என்றால் நானும், டர்பனில் சாட்ஸ்வொர்த் என்கிற பகுதிக்கார அண்ணன் ஒருவரும். அவருடையது 1860க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த குடும்பம், ஐந்தாம் தலைமுறை. பேச்செல்லாம் இங்கிலீஷ்தான். ஆனால் சாப்பாடு, சாமி, திட்டு மூன்றுக்கும் அவருடைய ஆயா விட்டுப்போன தமிழ் வரும். என்னைத் "தம்பி" என்பார், அதற்கு மேல் வாக்கியம் எந்த மொழியில் போகும் என்று சொல்ல முடியாது.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். முழங்கால் ஆழத்துக்குப் பனி கிடக்கும்போது தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். புதுப் பனி பத்து லிட்டர் அள்ளிப் போட்டால் ஒரு லிட்டர் தண்ணீர் தேறும், அவ்வளவுதான், மீதி எல்லாம் காற்று. வெறும் பாத்திரத்தில் பனியைக் கொட்டி அடுப்பில் வைத்தால் அடியில் தீய்ந்து தண்ணீரில் கருகல் வாடை வந்துவிடும், ஆகவே முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தக் கொஞ்சம் எங்கே? பாட்டிலைச் சட்டைக்குள் விட்டு அரைமணி நேரம் கட்டிப்பிடித்து உட்கார்ந்து உருக்கிய இரண்டு வாய்த் தண்ணீரை அண்ணன் என் கையிலிருந்து வாங்கிப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டார். "முதல் போட வேணும் தம்பி."

அடுப்பு அதற்கு மேல். வாங்கி வந்த டப்பாக்களில் ஒன்று வெறும் பியூட்டேன், கடைசி நேரத்தில் விலை குறைவென்று நான் எடுத்தது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனால் பியூட்டேன் ஆவியாகாது, அப்புறம் டப்பாவில் கேஸ் நிறைய இருந்தும் தீ வராது. வெதுவெதுப்பான தண்ணீரில் டப்பாவை நிறுத்தினால் எரியும் என்பார்கள். தண்ணீர் காய்ச்சவே தண்ணீர்! அண்ணன் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், ஆயா சொத்திலிருந்து இரண்டு வார்த்தையை எடுத்து விட்டார். மூன்று லிட்டர் சேர்வதற்குள் மணி ஒன்பதரை.

கிளம்பியதும் மஃபாடி. தென்னாப்பிரிக்காவின் மிக உயர்ந்த இடம், 3,450 மீட்டர், லெசோத்தோ எல்லை அதன் மேலேயே போகிறது. பெயருக்குத்தான் சிகரம், பார்க்க எங்கள் ஊர்க் கண்மாய்க் கரை போல ஒரு மேடு. விளிம்புக்குப் போனால் விஷயம் வேறு, பாறை செங்குத்தாக இறங்குகிறது, பனி அதற்கு வெளியேயும் தாழ்வாரம் போல நீட்டிக்கொண்டு நிற்கும் என்பதால் பத்தடி தள்ளியே நடந்தோம். விளிம்புக்குக் கிழக்கே உருகுகிற பனி துகேலா ஆறு வழியாக இந்தியப் பெருங்கடலுக்குப் போகிறது, மேற்கே உருகுவது செங்கு ஆற்றில் சேர்ந்து ஆரஞ்சு ஆறாகி அட்லான்டிக் போகிறது. இரண்டு கடலுக்குத் தண்ணீர் அனுப்புகிற இடத்தில் நான் பாட்டில் மூடியால் அளந்து குடித்துக்கொண்டிருந்தேன்.

மேல்பனி லேசாக இறுகியிருந்தது. இரண்டு அடி தாங்கும், மூன்றாவது அடி தொடை வரை உள்ளே போகும், காலைப் பிடுங்கி எடுத்தால் மறுபடியும் இரண்டு அடி தாங்கும். திட்டம் 15 கிலோமீட்டர், நடந்தது 9. வெயில் வேறு. பனியில் பட்டுத் திரும்பி மேல்நோக்கி அடிப்பதால் மூக்குத் துவாரத்துக்குள் தோல் உரிந்துபோனது, அங்கே கிரீம் தடவ வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

மதியம் ஒரு பாறையில் ஐஸ் எலி. இந்த உயரத்தில் வாழ்கிற, குளிர்காலம் முழுக்கத் தூங்கிக் கழிக்காத எலி, வெயில் வந்தால் வளையைவிட்டு வெளியே வந்து காயும். உருண்டையாக உப்பிக்கொண்டு, காதும் வாலும் இருக்கிற இடம் தெரியாமல், கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. எங்களைப் பார்த்தும் அசையவில்லை. மரியாதையாகச் சுற்றிப் போனோம்.

ஐந்து மணிக்கெல்லாம் வெயில் போய்விடும் என்பதால் நான்கரைக்கே ஒரு கல் பட்டியில் ஒதுங்கினோம். லெசோத்தோவின் பசோத்தோ மேய்ப்பர்கள் கோடையில் ஆடு அடைக்கிற இடம், குளிருக்கு அவர்கள் கீழே இறங்கிவிடுவார்கள். சுவர் இடுப்பு உயரம்தான், காற்றுக்கு அது போதும். கூடார முளை பனியில் நிற்காது, கல்லைக் கட்டித்தான் இழுத்தோம். மறுபடி பனி அள்ளல், மறுபடி அக்குள்.

அன்றைக்கு ஆடி வெள்ளி. டர்பனில் ஆடி என்பது நடுக்குளிர்காலம், மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவதை இங்கே எல்லாரும் போரிட்ஜ் பிரேயர் என்றுதான் சொல்வார்கள், மக்காச்சோள மாவைப் புளிக்க வைத்துக் காய்ச்சுவது. அண்ணன் ஒரு கவரில் மாவு தூக்கி வந்திருந்தது எனக்குத் தெரியாது. இந்தக் குளிரில் எதுவும் புளிக்காது, பச்சை மாவாகவே கரைத்துக் காய்ச்சினார். நாற்பது நிமிடத்துக் கேஸும், அன்றைக்கு உருக்கியதில் பாதியும் அந்தப் பாத்திரத்தில் இருந்தது.

ஆவி பறக்க இறக்கி வைத்தார். முதல் கரண்டியை எடுத்து, சுவருக்கு வெளியே கையை நீட்டி, பனியில் ஊற்றினார். உஸ்ஸென்று உள்ளே இறங்கி, ஒரு கைமுட்டி அளவுக்குக் குழி விழுந்தது. நான் அந்தக் கரண்டியைப் பார்த்த பார்வையை அவரும் பார்த்துவிட்டார்.

"அம்மாவுக்கு," என்றார்.

மீதியைக் குடித்தோம். உப்பு கொஞ்சம் தூக்கல்.