நூறாவது நாளும் நூறு பூண்டும்

ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து இன்று நூறாவது வேலை நாள். கொடைக்கானல் மலைக்கிராமமான எங்கள் பூம்பாறையில் ஒரே மூடுபனி. எங்கள் இரண்டாம் வகுப்பில் மொத்தமே பத்துப் பேர். ஆளுக்குப் பத்துப் பூண்டுப் பல் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். (2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு, எங்களுக்கு எண்ணுமணி!)

பத்துப் பத்தாகக் கூறு வைத்து எண்ணினால் 98. மறுபடியும் 98. கடைசி வரிசையிலிருந்து மெதுவாக ஒரு குரல்: "டீச்சர், பாட்டி ரெண்டு பல்லை ரசத்துக்கு எடுத்துக்கிச்சு."

சரி, சத்துணவு அக்காவிடம் இரண்டு கடன் வாங்கி நூறாக்கினோம்.

இதைவிட எனக்குப் பிடித்தது நடுவில் நடந்ததுதான். எண்பத்தொன்பதுக்கு அடுத்து? "எண்பத்திப் பத்து!" என்று கோரஸ். தொண்ணூறு என்று திருத்தினேன். உடனே ஒருத்தன் எழுந்தான்: "அதுலயே நூறு வந்துடுச்சே டீச்சர், இன்னும் ஏன் எண்ணணும்?"

பெயருக்குள் நூறு ஒளிந்திருப்பதை ஏழு வயதில் பிடித்துவிட்டான்! நூறு பல்லிலிருந்து ஒரு கூறை நகர்த்தி, "மிச்சம்தான் தொண்ணூறு" என்று காட்டினேன். தலையாட்டினான். நம்பினானா, தெரியவில்லை.

வகுப்பு முழுக்கப் பூண்டு வாசனை. வீட்டுக்கு வந்து மூன்று தடவை கை கழுவியாச்சு, போகவில்லை.