ஒன்பது பிறந்தது, ஆறு இருக்கிறது

3 நவம்பர் 2025, கார்க், அயர்லாந்து

அத்தை, என் கணவரின் அம்மா, கெர்ரி கவுண்டியின் தெற்கில் கென்மேர் பக்கம் பிறந்தவர். தன் அப்பாவைப் பெற்ற பாட்டியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒரு பெயரும், "ரொம்பக் கண்டிப்பானவள்" என்ற ஒரு வரியும்தான். ஒரு புகைப்படம்கூட இல்லை. இன்று மாலை 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தப் பாட்டியைப் பிடித்துவிட்டோம். அயர்லாந்தின் தேசிய ஆவணக்காப்பகம் 1901, 1911 இரண்டையும் முழுசாக, காசு வாங்காமல் இணையத்தில் வைத்திருக்கிறது. வீட்டுக்கு வீடு அன்று நிரப்பிய படிவமே படமாக வருகிறது.

ஊர்ப் பெயரையும் குடும்பப் பெயரையும் இங்கே எழுத வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டார், எழுதமாட்டேன். தேடுகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: குடும்பப் பெயருக்கு முன்னால் 'ஓ' சேர்த்தும் சேர்க்காமலும் தேடுங்கள். ஒரே குடும்பம் 1901இல் 'ஓ' இல்லாமலும் 1911இல் 'ஓ'வோடும் எழுதியிருக்கும்.

1911 படிவத்தில் மணமான பெண்களுக்கென்று புதிதாகக் கேள்விகள் சேர்த்தார்கள். கல்யாணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை. பாட்டியின் வரியில்: 21, 9, 6.

அத்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் போட்டுப் பார்த்தார். அவருக்குத் தெரிந்து அப்பாவோடு பிறந்தவர்கள் ஐந்து பேர்தான். அப்பாவையும் சேர்த்தால் ஆறு. மற்ற மூன்று பேரைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாயே திறந்ததில்லை.

5 நவம்பர்

1901, 1911 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

1901 மார்ச் 31 அன்று அந்த வீட்டில் ஒரு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் அத்தையின் அப்பா பெயர். 1911 ஏப்ரல் 2 அன்று அதே பெயரில் ஒரு பையன், வயது ஆறு. அவன்தான் இவன் என்றால் பதினொன்றாவது இருக்க வேண்டாமா? பெரியவர்களின் வயது இந்தப் படிவங்களில் முன்னே பின்னே இருப்பது சகஜம். ஆனால் சின்னப் பையனுக்கு ஐந்து வருஷம் தப்பாது.

இறந்துபோன குழந்தையின் பெயரை அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு வைப்பது அந்தக் கால அயர்லாந்தில் வழக்கம். தாத்தா, பாட்டி பெயர் குடும்பத்தில் விட்டுப்போகக் கூடாது என்பார்கள். அப்படியானால் அத்தையின் அப்பா தனக்கு முன்னால் இறந்த அண்ணனின் பெயரைச் சுமந்துகொண்டுதான் வாழ்ந்திருக்கிறார். அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. முதலில் உறுதியாகட்டும்.

வீட்டைப் பற்றிய படிவமும் இருக்கிறது, அதை நிரப்பியவர் போலீஸ்காரர். கூரை வேய்ந்த வீடு, முன்பக்கம் இரண்டு ஜன்னல், மூன்றாம் தரம்.

8 நவம்பர்

பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளுக்கு ஐரிஷ்ஜீனியாலஜி என்ற அரசுத் தளம் போதும், இலவசம்தான். 100 ஆண்டு கடந்த பிறப்பு, 75 ஆண்டு கடந்த திருமணம், 50 ஆண்டு கடந்த இறப்பு, இவ்வளவும் பதிவேட்டுப் பக்கத்தின் படத்தோடு பார்க்கலாம். எல்லா மதத்தாருக்கும் பதிவு தொடங்கியது 1864 ஜனவரி 1இல். கென்மேர் பதிவு மாவட்டம், குடும்பப் பெயர், ஆண்டு என்று போட்டால் பெரிய பட்டியல் வரும். அந்தப் பகுதியில் பாதிப் பேருக்கு ஒரே குடும்பப் பெயர். பல பழைய பதிவுகளில் படத்தைத் திறந்தால்தான் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் தெரியும். ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதுதான்.

இங்கேதான் டவுன்லேண்ட் கைகொடுக்கிறது. அயர்லாந்தில் நிலத்தின் மிகச் சிறிய பெயர்பெற்ற பிரிவு அது, நாடு முழுக்க 60,000க்கும் மேல் இருக்கின்றன. தாயின் பெயரும் டவுன்லேண்டும் சேர்ந்து பொருந்தினால் அது நம் வீட்டுக் குழந்தை.

திருமணம் முதலில் கிடைத்தது. 1890 பிப்ரவரி. தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் அதற்கு முந்தைய வாரங்களில் கிராமத்துக் கல்யாணமெல்லாம் குவிந்திருக்கும். அப்புறம் 1891இல் ஒரு பெண் குழந்தை. 1901 படிவத்தில் அவள் இல்லை.

9 நவம்பர்

அவள் 1893இல் இறந்திருக்கிறாள். கக்குவான் இருமல், மூன்று வாரம். மருத்துவர் யாரும் பார்க்கவில்லை என்று பதிவாளர் குறித்திருக்கிறார். இறப்பைச் சொல்ல வந்தது தகப்பன். கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி.

பையனும் கிடைத்தான். பிறந்தது 1899 செப்டம்பர், இறந்தது 1902 பிப்ரவரி, தட்டம்மை. இந்தத் தடவை இறப்பைச் சொன்னவள் பாட்டி. இறக்கும்போது கூட இருந்தவர் என்ற குறிப்போடு அவள் பெயர் இருக்கிறது. பக்கத்தில் அதே பெருக்கல் குறி. பதிவாளர் முன்னால் அவள் கை போட்ட குறி அது என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டேதான் பெயர் விஷயத்தையும் சொன்னேன்.

அத்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா தன் பிறந்தநாளைக் கொண்டாட விட்டதே இல்லை" என்றார். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று யார் சொல்ல முடியும்.

12 நவம்பர்

அத்தையின் பங்குக் கோவிலில் கொடுத்த உறை இன்னும் சமையலறை மேசையில் இருக்கிறது. கல்லறைத் திருநாளை ஒட்டி எல்லா வீட்டுக்கும் தருவார்கள். இறந்த உறவினர்களின் பெயரை உள்ளே இருக்கும் தாளில் எழுதித் தந்தால், நவம்பர் முழுக்கப் பீடத்தில் வைத்துப் பூசையில் அவர்களுக்காக வேண்டிக்கொள்வார்கள். மூன்றாவது குழந்தையின் பெயர் தெரிந்த பிறகு மூன்றையும் சேர்த்து எழுதித் தருவேன் என்கிறார் அத்தை. இந்த மாதமே தர வேண்டும்.

16 நவம்பர்

மூன்றாவது குழந்தைக்குப் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. எழுத்துப்பிழைகளை மனதில் வைத்துப் பலவிதமாகத் தேடியும் இல்லை. சட்டம் இருந்தாலும் எல்லாக் குழந்தையையும் பதிந்துவிடவில்லை, முக்கியமாகச் சில மணி நேரமோ சில நாளோ இருந்த குழந்தைகளை.

இடையில் அந்த வீட்டில் இருந்த வயதான விதவையைத் தேடினேன், பாட்டியின் மாமியார். 1901இல் அவருக்கு 58, 1911இல் 71. பத்து வருஷத்தில் பதின்மூன்று வயது கூடிவிட்டது. இந்தத் தாவல் அயர்லாந்து முழுக்க உண்டு, காரணம் முதியோர் ஓய்வூதியம். 1908 சட்டப்படி 70 நிறைந்தவர்களுக்கு 1909 ஜனவரியிலிருந்து வாரம் ஐந்து ஷில்லிங் வரை கொடுத்தார்கள். அவர்கள் பிறந்தபோது பிறப்புப் பதிவே கிடையாது. அதனால் 1841, 1851 கணக்கெடுப்பு ஏடுகளில் அவர்கள் பெயரைத் தேடிப் பார்த்து வயதை உறுதி செய்தார்கள். அந்தத் தேடல் படிவங்கள் ஆவணக்காப்பகத் தளத்தில் இருக்கின்றன.

விதவையின் படிவம் கிடைத்தது! அப்பா பெயர், அம்மா பெயர், 1851இல் குடியிருந்த டவுன்லேண்ட், அப்போது அவர் வயது 11. அவர் 1901இல்தான் வயதைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார், 1911இல் சொன்னது சரி.

இந்தப் படிவத்தின் அருமை 1922ஐ நினைத்தால்தான் புரியும். உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், ஜூன் 30 அன்று, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவண அலுவலகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளும், கொஞ்சம் நீங்கலாக, சாம்பல். 1861, 1871 ஏடுகளை அதற்கு முன்பே அரசே அழித்துவிட்டது. 1881, 1891 ஏடுகளை முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கிவிட்டார்கள். ஒரு நாட்டின் ஏழைகளைப் பெயர் பெயராக எழுதிவைத்திருந்த புத்தகங்கள். எனக்கு இதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஓய்வூதியத்துக்கு ஆசைப்பட்ட ஒரு கிழவி அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு வரியைக் காப்பாற்றித் தந்திருக்கிறாள்.

19 நவம்பர்

அந்த விதவையின் அப்பாவை கிரிஃபித் நில மதிப்பீட்டில் பார்த்தேன். 1847 முதல் 1864 வரை வரிக்காக நாடு முழுக்க எடுத்தது, கெர்ரிக்கு 1850களின் தொடக்கத்தில். ஆஸ்க் அபவுட் அயர்லாந்து தளத்தில் வரைபடத்தோடு இலவசம். குடியிருந்தவர் பெயர், நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் பெயர், பரப்பு, மதிப்பு. குத்தகைக்கு விட்டவர் லான்ஸ்டவுன் பிரபு. பெரும்பஞ்சத்துக்குப் பின் 1851லிருந்து அந்தப் பண்ணையின் மேலாளர் டிரெஞ்ச், ஏழைக் குடியானவர்களுக்குக் கப்பல் கட்டணம் கொடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். 3,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் சேரியில் பலர் ஒதுங்கினார்கள். இந்தக் குடும்பம் எப்படியோ தங்கிவிட்டது.

மதிப்பீட்டில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. வரி கேட்டவர்களுக்கு அவர்கள் தேவைப்படவில்லை.

23 நவம்பர்

கிடைத்துவிட்டது.

கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளைத் தேசிய நூலகம் 2015இல் இலவசமாக வெளியிட்டது, ஆனால் அவை பெரும்பாலும் 1880 வாக்கில் நின்றுவிடும். கெர்ரிக்காரர்களுக்கு ஒரு பாக்கியம்: ஐரிஷ்ஜீனியாலஜி தளத்திலேயே கெர்ரி மறைமாவட்டத்தின் ஞானஸ்நானப் பதிவுகள் 1900 வாக்கு வரை தேடக் கிடைக்கின்றன. கணவன், மனைவி இருவர் பெயரையும் போட்டு 1890இலிருந்து வரிசையாகப் பார்த்தேன். 1894 ஜூன் 2இல் இரண்டு வரிகள். ஒரே தேதி, ஒரே பெற்றோர், வேறு வேறு ஞானப்பெற்றோர்.

இரட்டையர். ஒருவர் பாஸ்டனுக்குப் போன, அத்தையின் பெரியப்பா. கிறிஸ்துமஸுக்கு டாலர் நோட்டு அனுப்பிய அதே பெரியப்பா. இன்னொன்று பெண் குழந்தை. பெரியப்பாவின் அரசுப் பதிவில் பிறந்த தேதி ஜூன் 20 என்று இருக்கிறது, ஞானஸ்நானத்துக்குப் பதினெட்டு நாள் கழித்து! தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால் பெற்றோர் தேதியைத் தள்ளிச் சொல்வது ரொம்ப சாதாரணம். இரண்டு தேதியும் இருந்தால் கோவில் தேதியை நம்புங்கள். அவர்கள் பதிவாளரிடம் போவதற்குள் பெண் குழந்தை இறந்திருக்க வேண்டும், அதனால்தான் ஒருவரை மட்டும் பதிந்திருக்கிறார்கள்.

அத்தைக்கு நான் போன் செய்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்களா? நிச்சயமாகவா?"

எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தையைப் புனிதப்படுத்திய கல்லறையில் புதைக்க விடமாட்டார்கள். கிலீன் என்று சொல்லும் தனி இடங்களில், பாழடைந்த கோவில் ஓரத்திலோ பழைய மண்கோட்டைக்குள்ளோ, பெரும்பாலும் இரவில், தகப்பன் தனியாகக் கொண்டுபோய்ப் புதைப்பான். பெயர் பொறித்த கல் இருக்காது. கெர்ரியில் இப்படிப்பட்ட இடங்கள் ஏராளம், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்தக் கொடுமை நடந்திருக்கிறது. மூன்று வாரமாக அத்தை இந்தப் பயத்தை மனதில் வைத்துக்கொண்டு என்னோடு தேடியிருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பேர் இருக்கு அத்தை, ஞானத்தாய் பேரும் இருக்கு" என்று படித்துக் காட்டினேன். அந்த ஞானத்தாய் ஓய்வூதியக் கிழவிதான்.

26 நவம்பர்

உறையைக் கொடுத்தாயிற்று. 1891 பெண், 1894 பெண், 1899 பையன், மூன்று பெயரும் தனித்தனி வரியில். பாட்டி பெயருக்குக் கீழே அவர்களை எழுத வேண்டும் என்பதில் அத்தை உறுதியாக இருந்தார்.

பாஸ்டனில் இருக்கும் பெரியப்பாவின் பேத்திக்கு இன்று கடிதம் எழுதுகிறோம், தன் தாத்தாவுக்கு ஒரு தங்கை கூடப் பிறந்தாள் என்பது அங்கேயும் தெரிந்திருக்காது. 1926 ஏப்ரல் 18இல் எடுத்த கணக்கெடுப்பு நூறு ஆண்டு முடிந்ததும் அடுத்த ஏப்ரலில் இலவசமாக வெளியாகும் என்று ஆவணக்காப்பகம் அறிவித்திருக்கிறது. பாட்டி அப்போது உயிரோடு இருந்தாளா, யார் வீட்டில் இருந்தாள் என்பதை அதில்தான் பார்க்க வேண்டும்.